விடுப்பு: சலுகையா, பாதுகாப்பா?

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதி. சத்தீஸ்கர் மாநிலம் ஜகதல்பூரில் நான் கடன் பிரிவு அலுவலராகப் பணியாற்றிக்கொண்டிருந்த காலம். பஸ்தர் தசராவின் கூட்டம் ஓய்ந்து, நகரம் சட்டமன்றத் தேர்தலின் பரபரப்புக்குள் நுழைந்திருந்தது. பிற்பகல் மூன்று மணியளவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் சீருடையில் ஓர் இளைஞர் என் மேசைக்கு முன் வந்து நின்றார். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "மேடம், நீங்க தமிழா?" என்றார்.

தென்மாவட்டம் ஒன்றின் கிராமத்தைச் சேர்ந்தவர். பணியில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சுக்மாவைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு முகாமிலிருந்து, உணவுப்பொருள் ஏற்ற வந்த வாகன அணியுடன் ஜகதல்பூருக்கு வந்திருந்தார். ஏற்கெனவே எங்கள் வங்கியில் தனிநபர் கடன் ஒன்று இருந்தது. அதன்மீது கூடுதல் தொகை வேண்டும் என்றார். விண்ணப்பத்தின் 'நோக்கம்' என்ற கட்டத்தில் 'வீடு பழுதுபார்த்தல்' என்று எழுதினார். ஊதியக் கணக்கு எங்களிடமே இருந்தது. தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை. மூன்று மாத ஊதியச் சீட்டும் கையில் இருந்தது. விதிப்படி தடை ஏதும் இல்லாததால் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டேன்.

கையொப்பமிட்ட பிறகும் அவர் எழவில்லை. "அக்கா, ஒரு பத்து நிமிஷம் தமிழ்ல பேசிட்டுப் போகலாமா? எங்க கம்பெனில நான் ஒருத்தன்தான் தமிழ்" என்றார். 'மேடம்' எப்போது 'அக்கா' ஆயிற்று என்பதை நான் கவனிக்கவில்லை.

ஊரில் பெய்த மழையைப் பற்றிப் பேசினார். இரண்டு வயது மகளுக்குத் தீபாவளியை ஒட்டிக் காதுகுத்து வைத்திருந்ததையும், நவம்பர் 12ஆம் நாள் பஸ்தர் பகுதியில் வாக்குப்பதிவு என்பதால் அனைவருக்கும் விடுப்பு நிறுத்தப்பட்டுவிட்டதையும் சொன்னார். ரயில் பயணச்சீட்டை எடுத்துப் பின் ரத்து செய்தது அந்த ஆண்டில் அது நான்காவது முறையாம். மாலைதோறும் அலைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் ஒரு மேட்டுக்குச் சென்று வீட்டுக்குப் பேசுவாராம். முதலில் அம்மா பேசுவார், பிறகு மனைவி பேசுவார். இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, இரவுக் காவலுக்குப் போவாராம்.

மாவோயிஸ்டுகளைப் பற்றியோ, சாலையில் புதைத்துவைக்கப்படும் கண்ணிவெடிகளைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதை நான் பின்னரே எண்ணிப் பார்த்தேன். உலகம் அவருடைய பணியில் எதை ஆபத்து என்று கருதுகிறதோ அது அவர் பேச்சில் இடம்பெறவே இல்லை.

சில வாரங்களுக்குப் பின் மீண்டும் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. வீடு பழுதுபார்க்கப்படவில்லை. தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய முதல் கடன் போதாமல், ஊரில் ஒருவரிடம் கூடுதல் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். நான் அளித்த தொகை அந்த வட்டிக்காரருக்குப் போயிற்று. மனைவியின் நகை அடகிலேயே கிடந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையிலான வழக்கின் வேர் அதுதான். ஊதியச் சீட்டுகளை மூன்று முறை சரிபார்த்த நான், "எதற்காகத் தம்பி இவ்வளவு அவசரம்?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கோப்பில் குறையில்லை. குறை இருந்த இடத்தைக் குறிக்கக் கோப்பில் கட்டம் இல்லை.

சோர்வுக்குக் கிடைத்த பெயர்

ஒரு பணியாளர் உள்ளூர எரிந்து தீர்ந்துபோகும் நிலைக்கு ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்று பெயர். 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இச்சொல்லை ஆய்வுலகுக்குக் கொண்டுவந்தார். நியூயார்க் நகரில் ஓர் இலவச மருத்துவமனையில் அவரும் சக தொண்டர்களும் பகல் வேலைக்குப் பின் இரவிலும் உழைத்து, ஒருவர்பின் ஒருவராக ஓய்ந்துபோனதைக் கண்டே அவர் எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதற்கு மூன்று முகங்கள் உண்டு என்று வகுத்தார். உள்ளம் வற்றிப்போதல் ஒன்று. எதிரில் இருப்பவரை மனிதராகக் காணாமல் ஒரு பொருளாகக் காணும் விலகல் மற்றொன்று. நாம் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம் மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இதை ஒரு நோயாகக் கொள்ளாமல், பணியிடத்தோடு தொடர்புடைய நிகழ்வாகவே குறித்துள்ளது. அதாவது, காரணத்தைத் தேட வேண்டிய இடம் பணியாளரின் மனத்திண்மை மட்டுமன்று. பணி அமைக்கப்பட்டுள்ள விதமுமாகும்.

இம்மூன்றில் இரண்டாவது முகம் சீருடைப் பணிகளில் நம் அனைவரையும் தொடுகிறது. திருட்டுப் புகார் கொடுக்கச் செல்பவரை நிமிர்ந்துகூடப் பார்க்காத காவலரை நாம் கண்டிருக்கிறோம். அவரை ஆணவம் பிடித்தவர் என்போம். சிலர் அப்படியும் இருக்கலாம். ஆனால் அவர் அதற்கு முந்தைய இரவு உறங்கினாரா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மத்திய ஆயுதப் படைகளின் நிலையை நாடாளுமன்றத்தில் அரசு அளித்த விவரங்களே காட்டுகின்றன. 2020 முதல் 2024 வரையிலான ஐந்தாண்டுகளில் இப்படைகளில் 730 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அதே காலத்தில் 55,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு பெற்றோ பணியைத் துறந்தோ வெளியேறினர். இதை ஆராய அமைக்கப்பட்ட பணிக்குழு சுட்டிய காரணங்களில் வாழ்க்கைத்துணை அல்லது குடும்பத்தினரின் மரணம், மணவாழ்க்கைப் பூசல், பணநெருக்கடி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வாய்ப்பின்மை ஆகியவை முன்நிற்கின்றன. நான் ஜகதல்பூரில் கேட்ட பத்து நிமிடப் பேச்சும் பெரும்பாலும் இவற்றைப் பற்றியதே.

அக்குழுவின் ஆய்வில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. அதைப் படித்தபோது நான் சற்றுத் திகைத்தேன். தற்கொலைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல், விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பிய பின் நிகழ்ந்தவை. விடுப்புக் கிடைக்காமையே மனச்சோர்வுக்குக் காரணம் என்று எளிதாக முடிவுகட்டியிருந்தேன். இந்தக் கணக்கு அதைக் கலைத்தது. ஆனால் அந்த இளைஞரின் பயணத்தை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். முகாமிலிருந்து வாகன அணி புறப்படும் நாளுக்குக் காத்திருந்து ஜகதல்பூர் வர வேண்டும். அங்கிருந்து மலைப்பாதை ரயிலில் விசாகப்பட்டினம், பிறகு சென்னை, பிறகு தெற்கே மற்றொரு ரயில். வீடு சேர மூன்று நாட்கள், திரும்ப மூன்று நாட்கள். ஓராண்டாக அலைபேசியில் கேள்விப்பட்ட நிலத்தகராறு, கடன், பள்ளிக் கட்டணம், தந்தையின் நோய் எல்லாவற்றையும் அவர் நேரில் காண்கிறார். எதையும் தீர்க்குமுன் திரும்பும் நாள் வந்துவிடுகிறது. தீர்க்கப்படாத சிக்கலைக் கண்ணால் கண்டுவிட்டு, துப்பாக்கி ஏந்தும் பணிக்கு அவர் மீள்கிறார். ஆகவே, விடுப்பு நாட்களை எண்ணினால் மட்டும் போதாது. அது எப்போது கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்; அதற்குள் ஒரு காரியத்தை முடிக்கவும் இயல வேண்டும்.

இராணுவத்தில் ஒரு சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாட்கள், தற்செயல் விடுப்பு 30 நாட்கள் என்று வகுக்கப்பட்டுள்ளது. மத்திய ஆயுதப் படையினர் ஆண்டுக்கு 100 நாட்கள் குடும்பத்துடன் கழிக்க வழிசெய்யப்படும் என்று 2019இல் மத்திய உள்துறை அமைச்சர் அறிவித்தார். நல்ல நோக்கம். ஆனால் 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டங்களாக நடைபெற்றபோது, இப்படைகளின் கம்பெனிகள் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தன. வெள்ளம், கலவரம், யாத்திரை, தேர்தல் என்று ஏதேனும் ஒன்று வராத மாதம் இந்நாட்டில் இல்லை. ஒவ்வொரு முறையும் முதலில் வெட்டப்படுவது விடுப்புப் பட்டியல்தான்.

வாய் திறக்காமைக்குக் காரணம்

'மனம் சரியில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லலாமே' என்று நமக்குத் தோன்றும். அது அவ்வளவு எளிதன்று. இராணுவத்திலும் மத்திய படைகளிலும் 'ஷேப்' எனப்படும் மருத்துவ வகைப்பாடு உண்டு. ஐந்து எழுத்துகளைக் கொண்ட அந்தச் சொல்லின் முதல் எழுத்து மனநலத்தைக் குறிக்கிறது. ஏனையவை செவி, கை கால்கள், பொது உடல்நலம், கண் ஆகியவற்றை. மத்திய படைகளில் பதவி உயர்வுக்கு 'ஷேப் ஒன்று' என்னும் முதல் நிலை பொதுவாகக் கேட்கப்படுகிறது. உறக்கம் வரவில்லை என்று ஒரு வீரர் சொல்லி, அது ஏட்டில் ஏறிவிட்டால், துப்பாக்கி திரும்பப் பெறப்படலாம். தலைமைக் காவலர் பதவி தள்ளிப்போகலாம். முகாமில் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் வந்துவிடும். எனவே முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்வார்கள்.

மேலும், 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையைக் காவல் படையினருக்கு மிகவும் சுருக்குகிறது. ஒழுங்குமிக்க ஆயுதப் படைக்கு அத்தகைய கட்டுப்பாடு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. வங்கி ஊழியர்களாகிய எங்களுக்குச் சங்கம் இருக்கிறது. 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறையாயின. எங்கள் குறையைச் சொல்ல ஒரு வாயில் உண்டு. அந்த வாயில் இல்லாதவர்களுக்கு அரசே கூடுதல் அக்கறையுடன் காது கொடுக்க வேண்டாமா?

படைகளும் சும்மா இருக்கவில்லை. அதிகாரியும் வீரர்களும் வரிசைக்கிரமம் பாராமல் அமர்ந்து பேசும் 'சௌபால்' என்ற கூட்டங்களை மத்திய ரிசர்வ் போலீஸ் படை நடத்துகிறது. புனேயின் ஆயுதப் படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் இராணுவத்தினருக்கென ஒரு தொலைபேசி ஆலோசனைப் பிரிவு தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் காவல்துறை பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் துணையுடன் காவலர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் நிறைவாழ்வுப் பயிற்சி அளித்தது. குடும்பத்தினரையும் அழைத்ததுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. யோகப் பயிற்சி முகாம்களைப் பற்றியும் செய்தித்தாள்களில் அடிக்கடி படம் வருகிறது. யோகத்தை நான் குறைகூறவில்லை, நானும் செய்கிறேன். ஆனால் 14 மணி நேரப் பணி முடித்தவரைப் பதினைந்தாம் மணி நேரத்தில் மூச்சுப் பயிற்சிக்கு வரிசையில் நிறுத்தினால், அவருக்கு அதுவும் ஒரு பணியே.

டோக்கன் எண் 47

பதினான்கு மணி நேரம் என்பது நான் மிகைப்படுத்திச் சொல்வதன்று. காமன் காஸ், லோக்நீதி ஆகிய அமைப்புகள் 2019இல் வெளியிட்ட இந்தியக் காவல் நிலை அறிக்கையின்படி நம் நாட்டுக் காவலர்களின் சராசரிப் பணிநேரம் நாளொன்றுக்கு 14 மணி. ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு வார ஓய்வு கிடையாது. அதற்கு முன் 2014இல் ஹைதராபாத்தின் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி, காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்காகச் செய்த ஆய்வில், காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் 8 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றுவதும், நால்வரில் மூவருக்கு மாதத்தில் ஒரு நாள்கூட வார ஓய்வு கிடைக்காததும் தெரியவந்தன.

தற்போது நான் பணிபுரியும் கிளையில் காவலர்களின் ஊதியக் கணக்குகள் நிறைய உண்டு. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு 47ஆம் எண்ணைப் பலமுறை அழைத்தும் யாரும் வரவில்லை. சீருடையில் இருந்த தலைமைக் காவலர் ஒருவர், டோக்கனைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உறங்கிப்போயிருந்தார். எங்கள் பாதுகாவலர் எழுப்பச் சென்றபோது, வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி, "எழுப்பாதீங்கப்பா, என் வேலையை முதல்ல பாருங்க. அவரு தூங்கட்டும்" என்று தடுத்துவிட்டார். இருபது நிமிடம் கழித்துத் தானே விழித்தவர் கூச்சத்துடன், "திருவிழா பந்தோபஸ்து மேடம். மூணு நாளா வீட்டுக்குப் போகலை" என்றார்.

1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், காவல் அலுவலர் எப்பொழுதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று கூறுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1857 கிளர்ச்சிக்குப் பிறகு எழுதப்பட்ட சட்டம் அது. அவசர வேளையில் 'நான் பணியில் இல்லை' என்று காவலர் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்கு அவ்விதி வேண்டியதே. ஆனால் காலப்போக்கில் அது ஓய்வே வேண்டாதவர் என்ற பொருளைப் பெற்றுவிட்டது. நாடெங்கும் காவல்துறையில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை காலியாக உள்ளன. எட்டு மணி நேர முறையைக் கொண்டுவர வேண்டுமானால் ஒப்பளிக்கப்பட்ட எண்ணிக்கையைப்போல் 1.68 மடங்கு பணியாளர்கள் வேண்டும் என்று 2014 ஆய்வு கணக்கிட்டது. இருக்கும் இடங்களே நிரம்பாதபோது அந்த எண்ணிக்கை எட்டாக்கனிதான்.

ஆயினும் ஆட்கள் எல்லாம் வந்து சேரும்வரை ஒன்றுமே செய்ய இயலாது என்பதை மும்பை பொய்யாக்கியது. அங்கே தேவனார் காவல் நிலையத்தில் பணியாற்றிய ஒரு சாதாரணக் காவலர், இருக்கும் ஆட்களை வைத்தே எட்டு மணி நேர முறையை நடத்தலாம் என்று தாமே பணிப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். அப்போதைய மாநகரக் காவல் ஆணையர் தத்தாத்ரேய படசல்கீகர் அதைக் கேட்டறிந்து, 2016 மே மாதத்தில் அதே காவல் நிலையத்தில் சோதித்துப் பார்க்க ஒப்புதல் அளித்தார். பின்னர் அது நகரின் பிற காவல் நிலையங்களுக்கும் விரிந்தது. எத்தனை ஆண்டு, எத்தனை நிலையங்களில் அது குலையாமல் நின்றது என்பது வேறு கேள்வி. பெரும் பண்டிகைகளின்போது எந்தப் பட்டியலும் கலைவது இயல்பு. எனக்கு வியப்பளித்தது, அந்தப் பட்டியல் ஆலோசனை நிறுவனம் எதுவும் இல்லாமல் அந்த வேலையைச் செய்யும் ஒருவரின் கையிலிருந்து வந்ததும், அதை ஆணையர் பொறுமையாகக் கேட்டதும்தான்.

தமிழ்நாட்டில் 2021 நவம்பரில் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரையிலானோருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வளிக்க அரசாணை வெளியாயிற்று. அதே ஆண்டு ஜூனில், முதலமைச்சர் செல்லும் சாலைகளின் ஓரத்தில் பெண் காவலர்களைப் பாதுகாப்புக்கு நிறுத்த வேண்டாம் என்று காவல்துறைத் தலைமை உத்தரவிட்டது. வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லாத நிலையை அறிந்தவர்களுக்கே அவ்வுத்தரவின் அருமை தெரியும். பந்தோபஸ்துக்கு முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோம் என்று ஒரு பெண் காவலர் என்னிடம் மிகச் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். மேற்சொன்ன 2019 அறிக்கையிலும், ஐந்து பெண் காவலர்களில் ஒருவர் தம் பணியிடத்தில் பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறை இல்லை என்றே கூறியிருக்கிறார்.

வங்கி கற்றுக்கொண்ட பாடம்

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பணப் பெட்டகம், கருவூலம் போன்ற முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் தொடர்ந்து 10 வேலை நாட்களுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. 2015இல் வந்த அறிவுறுத்தல் 2021 ஜூலையில் திருத்தப்பட்டது. முன்னறிவிப்பின்றி அனுப்ப வேண்டும். அந்நாட்களில் அவர் பணி தொடர்பான கணினி அமைப்பைத் தொடவும் கூடாது. மறைக்காமல் சொல்வதானால், இவ்விதி எங்கள் மனநலத்தைக் கருதி வந்ததன்று. ஒருவர் இல்லாத நாட்களில் அவருடைய மேசையில் மறைந்திருக்கும் தவறுகள் வெளிப்படும் என்ற எச்சரிக்கையால் வந்தது. முதன்முறை என்னை அப்படி அனுப்பியபோது எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆயினும் அதன் விளைவைக் கவனித்தேன். நான் இல்லாவிட்டால் கிளை நின்றுவிடும் என்று நான் நம்பியிருந்தேன், நிற்கவில்லை. பத்து நாட்களுக்கு எனக்கு மாற்றாக ஒருவரை ஏற்பாடு செய்ய நிர்வாகம் கடமைப்பட்டிருந்தது. அதற்கான ஆளை அது முன்கூட்டியே பயிற்றுவிக்கவும் வேண்டியிருந்தது. விடுப்பு என் விருப்பமாகவோ மேலாளரின் கருணையாகவோ இல்லாமல், நிறுவனத்தின் இடர் மேலாண்மைக் கணக்கில் ஓர் இனமாக மாறிவிட்டது.

வணிகவியல் படித்தவள் என்பதால் எனக்கு இப்படித்தான் எண்ணத் தோன்றுகிறது. ஜீப்புக்குத் தேய்மானம் கணக்கிடுகிறோம். ஏ.டி.எம். இயந்திரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறோம். ஒரு விமானி எத்தனை மணி நேரம் வானில் இருக்கலாம், எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. அதைக் கேட்டு விமானிக்குத் துணிவில்லை என்று எவரும் சொல்வதில்லை. தோட்டா நிரம்பிய துப்பாக்கியுடன் இரவெல்லாம் விழித்திருப்பவரின் ஓய்வு மட்டும் மேலதிகாரியிடம் கேட்டுப் பெறும் சலுகையாக இருந்துவருகிறது. படைகளில் விடுப்புப் பட்டியலையும் ஆயுதக் கிடங்கின் இருப்புப் பதிவேட்டைப்போல் தணிக்கைக்கு உட்படுத்தலாம் என்பது என் எண்ணம். எவருக்கு எத்தனை மாதங்களாக விடுப்பு மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்பதற்குத் தளபதி எழுத்தில் விடை தர வேண்டியிருந்தால், தேர்தல் காலத்திலும் மாற்று ஏற்பாடு ஒன்று எப்படியோ தோன்றிவிடும்.

2021 நவம்பரில் சுக்மா மாவட்ட முகாம் ஒன்றில் ஒரு வீரர் சுட்டதில் சக வீரர்கள் நால்வர் உயிரிழந்த செய்தியை நாளிதழில் படித்தேன். அப்போது நான் தமிழ்நாட்டுக்கு மாறுதல் பெற்று வந்துவிட்டிருந்தேன். பொங்கல்தோறும் வாழ்த்து அனுப்பும் அந்த இளைஞரின் எண்ணை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவுக்குரல் சொல்லிற்று. மறுநாளும் அப்படியே. அந்த இரண்டு நாட்களும் நான் சரியாகப் பணி செய்யவில்லை. மூன்றாம் நாள் அவரே அழைத்தார். "நான் இப்போ காஷ்மீர்ல இருக்கேன் அக்கா. நல்லா இருக்கேன். அடுத்த மாசம் லீவு, இந்தத் தடவை நிச்சயம்" என்றார். மகளின் காதுகுத்து 2019 மக்களவைத் தேர்தலுக்காக மீண்டும் ஒருமுறை தள்ளிப்போய், ஆனி மாதத்தில்தான் நடந்தது. மூன்று வயதுக் குழந்தை தாய்மாமன் மடியில் அழுதுகொண்டிருக்கும் படத்தை எனக்கும் அனுப்பியிருந்தார். இரண்டு ஆண்டுகளில் வட்டிக்கடன் முற்றிலும் அடைந்து நகையும் மீண்டுவிட்டது.

குடும்பத்தினர் செய்யத்தக்கவை

சீருடைப் பணியாளர் வீட்டில் இருக்கும் வாசகர்களுக்கு வங்கி அலுவலர் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல இயலும். முகாமில் இருப்பவரின் அன்றாட மன உளைச்சலில் பாதி, ஊரில் நடக்க வேண்டிய சிறு பணப்பரிமாற்றங்கள் நடக்காமல் போவதால் வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கணக்கு அவர் பெயரில் மட்டும் இருக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் அவருடைய அலைபேசிக்குத்தான் வரும். அந்த அலைபேசி சமிக்ஞை இல்லாத காட்டில் இருக்கும். இங்கே பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிடும். மனைவி கோபத்துடன் அழைப்பார். அவர் மேட்டில் ஏறி நின்று விடை சொல்வார்.

ஊதியக் கணக்கைத் தவிர, 'இருவரில் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் வாழ்க்கைத்துணையுடன் ஒரு கூட்டுக் கணக்கைத் தொடங்கி, மாதந்தோறும் குறித்த தொகை தானே அதற்கு மாறும்படி நிலையாணை கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். துணைவருக்குத் தனி டெபிட் அட்டையும், அவருடைய எண்ணிலேயே குறுஞ்செய்தி வசதியும் பெறலாம். விடுப்பில் வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி இருவரும் சேர்ந்தே கிளைக்கு வாருங்கள். நியமனதாரர் பெயரைச் சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் பதிந்த பெயரே இன்னும் இருக்கக்கூடும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்க வழியுண்டு. ஊதியக் கணக்குடன் இணைந்த விபத்துக் காப்பீட்டின் அளவு என்ன என்பது கணவருக்கு மட்டுமன்றி மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளியில் கூடுதல் வட்டிக்குக் கடன் இருந்தால் அதைக் கடன் அலுவலரிடம் மறைக்க வேண்டாம். ஒரே கடனாக மாற்றித் தவணைக் காலத்தை நீட்டும் வழி பெரும்பாலும் இருக்கும். கடன் அலுவலர்களான என் சக பணியாளர்களும் 'நோக்கம்' என்ற கட்டத்தை நிரப்புவதற்கு முன் ஒரு நிமிடம் கூடுதலாகப் பேசலாம்.

பேச்சில் விட்டேற்றித் தன்மை, உறக்கமின்மை, மது கூடுதல், 'நான் இல்லாவிட்டாலும் நீங்கள் சமாளித்துக்கொள்வீர்கள்' என்பது போன்ற சொற்கள், திடீரென்று கணக்குவழக்குகளை ஒப்படைத்தல் ஆகியவற்றைக் கண்டால் விடுப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேதனையில் உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தும் காலம் போய்விட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது. ஆகவே, சொன்னால் வழக்கு வருமோ என்று குடும்பம் அஞ்ச வேண்டியதில்லை.

படை மருத்துவரிடம் சொன்னால் ஏட்டில் ஏறிவிடும் என்று தயங்குபவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416. நாள் முழுவதும், கட்டணமின்றி, நாட்டின் எப்பகுதியிலிருந்தும் அழைக்கலாம். பணியாளர் மட்டுமன்றி அவருடைய பெற்றோரும் வாழ்க்கைத்துணையும் அழைக்கலாம். இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழிலேயே பேசலாம்.